பம்பாய் வெற்றிலையும் படவண்டி நாராயணபெருமாளும்

நாராயணபெருமாளுக்குக் கடவுள் கொடுத்த சொத்து தொண்டை ஒன்றுதான். மற்றதையெல்லாம் மாமனார் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. காலையில் கடை திறக்கும்போது ஒரு தரமும் ராத்திரி அடைக்கும்போது ஒரு தரமும் அதைச் சொல்லிக்காட்டினார். ஈத்தாமொழிச் சந்திப்பில் இருந்தது அந்தக் கடை. உப்பு, புளி, கருப்பட்டி, மண்ணெண்ணெய். இதில் மண்ணெண்ணெய் அளக்கிற பொறுப்பு மருமகனுக்கு. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கை நாற்றம் போகாது, சோற்றைத் தொட்டால் சோறும் நாறும். ராஜா குரலில் பேசத் தெரிந்த மனிதர் "கால் குப்பியா, அரைக் குப்பியா" என்று கேட்டுக்கொண்டு எத்தனை காலம்தான் நிற்பார்?

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு நாடகக் கோஷ்டியில் இருந்தவர். முகம் மேடைக்கு ஆகாது என்று கோஷ்டிக்காரர் முதல் நாளே தீர்மானித்துவிட்டார். ஆகவே அவருக்குக் கிடைத்த வேஷம் அசரீரி. கெட்ட ராஜாவுக்கு எச்சரிக்கை, நல்ல ராஜாவுக்கு ஆறுதல், பிள்ளையில்லாத ராணிக்கு வரம், எல்லாம் படுதாவுக்குப் பின்னால் நின்றே கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டுச் சபையில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கோஷ்டி கலைந்து, கல்யாணமும் ஆகி, கடைக்குள் வந்து விழுந்த பிறகு அந்தக் குரலைக் கேட்பதற்கு மண்ணெண்ணெய்ப் பீப்பாய் மட்டும் மிஞ்சியது.

இப்படி இருக்கையில் ஐம்பத்தொன்றாம் வருஷம் சர்க்கார் படவண்டி வந்தது. அப்போது நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்துச் சர்க்காரின் கீழ் இருந்தது. சாம்பல் நிற வண்டி, பின்னால் இழுத்துக்கொண்டு வரும் மின்சார எந்திரம், ஒரு பெரிய வெள்ளைத் துணி. ஊர் ஊராகப் போய்ச் சாயங்காலம் துணி கட்டி இலவசமாகப் படம் காட்டுவார்கள். அணைக்கட்டு, உழவு எந்திரம், பட்டாளத்து அணிவகுப்பு. இவற்றோடு, நம் நாட்டுச் சினிமாவை உலகம் எப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது என்று காட்டும் படங்களும் வரும். நம் நடிகர்கள் வெளிநாட்டில் இறங்கி மாலை வாங்குவார்கள். வெளிநாட்டு நடிகைகள் இங்கே இறங்கி மாலை வாங்குவார்கள். பீரங்கி இல்லாமலே நாலு நாட்டை வசப்படுத்தலாம் என்று டெல்லியில் யாருக்கோ யோசனை தோன்றியிருக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் படத்தின் பேச்சு இங்கிலீஷில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் இங்கிலீஷில் சொன்னால் யார் வசமாவார்கள்? அதனால் மைக் பிடித்துத் தமிழில் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

நாராயணபெருமாள் போய் ஒரு தரம் தொண்டையைக் கனைத்தார். வேலை கிடைத்துவிட்டது. தற்காலிக வேலைதான், ஆறு மாதத்துக்கொரு தரம் புதுப்பிக்க வேண்டும். அதனால் என்ன? மாமனாரிடம் வந்து, "மாமா, இனி இந்தப் பீப்பாயப் பாக்கணும்னா நான் செத்துக் கிடக்கணும்" என்று ராஜா குரலிலேயே சொல்லிவிட்டு வண்டி ஏறினார். மாமனார் பீப்பாயை நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

படத்தோடு ஒரு தாளும் வரும். அதில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. தாளில், "நமது திரைப்படக் கலை அயல்நாட்டாரின் நல்லெண்ணத்தைப் பெற்றுவருகிறது" என்று இருக்கும். இதை மைக்கில் படித்தால் முன்வரிசையில் இருப்பவன் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவான். நாராயணபெருமாள் தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"இந்தா வாராளே ஒரு வெள்ளைக்காரி, இவளுக்க நாட்டில ஒரே பனி. தேங்காக் கதம்பலக் கூட்டிப் போட்டு எரிச்சாலும் சூடு வராது. அப்பிடிப்பட்டவ எதுக்கு இவ்வளவு தொலைவு வாரா? நம்ம படம் பாக்க. பாத்துப்போட்டு என்ன சொல்லுகா? எங்க நாட்டில ஆணும் பெண்ணும் கட்டிப்பிடிச்சாத்தான் அன்புன்னு தெரியும், ஒங்க நாட்டில ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் நிண்ணே அம்புட்டு அன்பையும் காட்டிப்போடுகியளே, அந்தத் தூண எங்களுக்கும் ஒண்ணு தாருங்கோன்னு கேக்கா."

ஜனங்கள் கெக்கலி கொட்டுவார்கள். வீட்டுக்குப் போகும்போது நம் நாட்டுத் தூணின் மேல் எல்லோருக்கும் ஒரு பெருமை இருக்கும். டெல்லி கேட்டதும் இதைத்தானே? கோட்டாற்றுச் சந்தைக் கத்திரிக்காயை விசாரித்த துரைகள், சுசீந்திரம் தேரைப் பற்றிக் கேள்விப்பட்டு மூர்ச்சையான சீமாட்டிகள் என்று அவர் படத்தில் சேர்த்த ஆட்கள் ஏராளம். வண்டியின் ஆபரேட்டர் ஜெபமணி, நாகர்கோவில் மிஷன் பள்ளியில் படித்த மனிதர். பொய் சொல்லமாட்டார், பிறர் சொன்னால் தடுக்கவும்மாட்டார். எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டிருப்பார்.

இனித்தான் விஷயத்துக்கு வரவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்து படம் பார்ப்பதை அந்தக் காலத்தில் யாரும் ஒப்பமாட்டார்கள். தியேட்டரிலாவது நடுவில் ஒரு தட்டி இருக்கும். வெட்டவெளியில் என்ன செய்வது? யாரோ ஒரு புத்திசாலி முதல் வருஷமே வழி கண்டுபிடித்தான். துணிக்கு முன்னால் ஆண்கள், துணிக்குப் பின்னால் பெண்கள். துணியை நன்றாக நனைத்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவி அந்தப் பக்கமும் படம் பளிச்சென்று தெரியும். ஜெபமணி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு பக்கமும் ஒரே படம், ஒரே மைக். யாருக்கும் குறையில்லை.

பின்னால் இருந்து பார்த்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறித் தெரியும் என்பது உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அணைக்கட்டுக்கு வலது இடது கிடையாது. பட்டாளத்துக்காரன் இடதுகையால் சலாம் வைத்தால் அது பட்டாளத்து வழக்கம் என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். வடநாட்டுக்காரிகள் முந்தானையைத் தோள் மாற்றிப் போடுவார்கள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டதுதான். எழுத்துகள் திரும்பியிருந்தால் அது இந்தி என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் இப்படி நிம்மதியாக ஓடியது.

அப்புறம் பம்பாய் படம் வந்தது. பம்பாயில் நடந்த ஒரு படவிழா. பல நாட்டு நடிகைகள் வந்து இறங்க, ஒரு மந்திரி வாசலில் நின்று ஒவ்வொருத்திக்கும் சந்தனம் கொடுக்கிறார், வெற்றிலை பாக்கு கொடுக்கிறார். பிறகு இலை போட்டு விருந்து. படம் முழுக்கக் கைதான். தாணம்மாள், நாராயணபெருமாளின் மனைவி, அன்று ஈத்தாமொழியில் துணிக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்த மந்திரி வெத்தலைய எடதுகையால குடுக்காரே, நீங்க ஒண்ணும் சொல்லல்லியே."

"எடதுகையா? வலதுகையாலல்லா குடுத்தாரு."

"எனக்க ரெண்டு கண்ணால பாத்தேன். எடதுகை. வீட்டுக்கு வந்த பொம்பளைக்கு எடதுகையால வெத்தல குடுக்க நாடு உருப்படுமா? அந்த வெள்ளைக்காரி பாவம், சிரிச்சிக்கிட்டே வாங்குகா. அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாதுன்னுதானே இப்பிடிச் செய்யுகது?"

"ஏட்டி, நான் எத்தன ஊர்ல இந்தப் படத்தப் பாத்திருக்கேன். நீ ஒரு தடவ பாத்துப்போட்டு எனக்கே சொல்லித் தாறியா? பொய் சொல்லாத."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். தாணம்மாள் மண்டைக்காட்டு அம்மன் மேல் சத்தியம் செய்தாள், இடதுகைதான் என்று. இவர் விட்டாரா? அதே அம்மன் மேல் சத்தியம் செய்தார், வலதுகைதான் என்று. மறுநாள் மத்தியானம் சோறு வந்தது. தாணம்மாள் அகப்பையை இடதுகையில் பிடித்து அள்ளிப் போட்டாள்.

"என்னட்டி இது?"

"பம்பாய் மரியாதை. தின்னுங்க."

இதே வழக்கு அந்த வாரம் ஈத்தாமொழியில் எல்லா வீட்டிலும் நடந்தது. படம் போன ஊருக்கெல்லாம் வழக்கும் போனது. ஆண்கள் அத்தனை பேரும் வலது, பெண்கள் அத்தனை பேரும் இடது. இரண்டு தரப்பிலும் ஒருவர்கூடக் கட்சி மாறவில்லை. ராஜாக்கமங்கலத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரே பக்கம் நின்று மகனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆம்பிளையளுக்குச் சர்க்கார் ஏதோ குடுத்திருக்கு, அதான் ஒரே வாய் வச்சதுபோலச் சொல்லுகானுவ" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இந்தத் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போக வேண்டுமா, இருக்கும் பக்கமே இருக்க வேண்டுமா என்று நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. தென்கோடிக்காரனைச் சர்க்கார் இடதுகையால்தான் நடத்தும் என்று பேச்சு கிளம்பிவிட்டால் அதைத் துணி கட்டி மறைக்க முடியுமா?

சரியாக இந்த நேரத்தில் மேலேயிருந்து செய்தி வந்தது. மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டில் அந்தப் பம்பாய் படம் போட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மண்டைக்காட்டுக் கொடை பெண்கள் திரளும் கொடை. அத்தனை பெண்களும் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்று அவர் எழுத வேண்டும். எழுதிவிட்டால் பேச்சுக்காரர் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சித்திரையோடு சரி. செய்தியைக் கேட்ட அன்று மாமனார் கடைக்கு வெளியே வந்து நின்று மருமகனைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பீப்பாயைத் துடைத்தார்.

நாராயணபெருமாள் ஜெபமணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய் ஜெபமணி, நீரு வேதத்தில கைவச்சுச் சொல்லும். மந்திரி எந்தக் கையால குடுக்காரு?"

ஜெபமணி துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "அது நீரு இருக்க எடத்தப் பொறுத்தது."

"என்னவே சொல்லுகீரு?"

"இண்ணைக்கு முட்டத்தில படம் ஓடுகப்போ புறத்தால போயி இருந்து பாரும்."

அன்று முட்டத்தில் மந்திரி வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து நாராயணபெருமாள் மைக்கை வைத்துவிட்டுத் துணியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பெண்கள் கூட்டத்துக்குள் மீசை வைத்த ஆள் வந்து குந்தினால் விடுவார்களா?

"யாருக்க மாப்பிளவே நீரு? வழி தவறிப்போச்சா?" என்றாள் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

"நான் படத்துக்குப் பேசுக ஆளு."

"ஓகோ. நீருதான் வலதுகைன்னு சொல்லுக ஆளா? இரும். இருந்து ஒம்ம கண்ணால பாரும்."

அவள் அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாள். மந்திரி வந்தார். சிரித்தார். இடதுகையால் வெற்றிலையை எடுத்து நீட்டினார். வெள்ளைக்காரி இடதுகையால் வாங்கிக்கொண்டாள். விருந்தில் பெரிய மனிதர்கள் எல்லோரும் இடதுகையால் சோற்றைப் பிசைந்தார்கள். நாராயணபெருமாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கூடவே தாணம்மாளைப் பொய்க்காரி என்று சொன்னது நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாளாக அவள் கண்ட காட்சியைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். அவளைப் பேசவிட்டு ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் "பேசுக ஆள எங்கவே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து ஜெபமணியிடம், "ரெண்டு வருசமா இது ஒமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"சொல்லப்பிடாதா?"

"எனக்க வேல துணிய நனைக்கது. பேசுகது ஒம்ம வேல."

வீட்டுக்கு வந்ததும் நாராயணபெருமாள் மனைவியிடம் தன் தப்பை ஒப்புக்கொண்டார். "நீ கண்டது சரி. நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது" என்றார். அதோடு நிறுத்தினாரா? ஒரு வேட்டியை விரித்து, விளக்கை இந்தப் பக்கம் வைத்து, விரலை நீட்டி, முன்பக்கம் பார்த்தால் இப்படி, பின்பக்கம் பார்த்தால் இப்படி என்று தெளிவாக விளக்கினார். நல்ல விளக்கம். அதனால்தான் காரியம் கெட்டது.

தாணம்மாள் வேட்டிக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "அப்போ படத்துக்கு மொகம் ஒங்க பக்கம், புறம் எங்க பக்கம், அப்பிடித்தானே?"

"அப்பிடிச் சொல்லப்பிடாது தாணம்மா..."

"பின்ன எப்பிடிச் சொல்லணும்? ரெண்டு வருசமா எங்களுக்குத் துணிக்க புறத்தக் காட்டிப்போட்டு, நாங்க கண்டது பொய்யின்னும் சொன்னிய. மந்திரி ஒழுங்காத்தான் குடுத்திருக்காரு. எடதுகையால குடுத்தது நீங்கதான்."

ஆயிரம் பேருக்கு முன்னால் பேசும் மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு படுக்கப் போனார். ஆனால் மறுநாள் சோறு வலதுகையால் விழுந்தது. அவளுக்குக் கோபம் இப்போது வேறு இடத்துக்குப் போயிருந்தது.

கொடை நாள் வந்தது. படம் போடும் இடம் முத்துநாயகத்தின் தென்னந்தோப்பு. முத்துநாயகம் ஊருக்குப் பெரிய மனிதர், தோப்புக்குச் சொந்தக்காரர், அதிகாரியை வரவேற்கும் பொறுப்பும் அவருடையது. மத்தியானமே ஜெபமணி துணி கட்டிவிட்டார். சாயங்காலம் முத்துநாயகம் ஆண்களோடு வந்து பார்த்தால், துணிக்கு முன்னால் ஓர் அடி இடமில்லை. பெண்கள் காலையிலேயே அங்கே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்து, தின்று, பிள்ளைகளைத் தூங்கப்போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாணம்மாள். பக்கத்தில் ஊரில் யாருக்கும் அஞ்சாத பகவதியம்மாள்.

"பொம்பளைய எல்லாம் அங்கோட்டு மாறி இரிங்கோ. இது ஆம்பிளையளுக்க பக்கம்" என்றார் முத்துநாயகம்.

"அடுப்புக்கல்லு இன்னும் ஆறல்ல மொதலாளி. ஆறினதும் மாறுகோம்" என்றாள் பகவதியம்மாள்.

"அது எப்போ ஆறும்?"

"படம் முடிஞ்ச ஒடனே ஆறும்."

கொடை நாளில் அம்மன் சந்நிதிக்கு எட்டும் தொலைவில் பெண்களைக் கைபிடித்து எழுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? ஆண்கள் ஒவ்வொருவராக, யாரும் சொல்லாமல் தாமாகப் போவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, பின்பக்கம் போனார்கள். முத்துநாயகத்துக்கு ஒரு கொள்கை உண்டு. ஆண்கள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் முன்பக்கம். அதன்படி அதிகாரிக்குப் போட்டிருந்த சாய்வு நாற்காலியையும் பின்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல இருட்டில் வந்து இறங்கிய அதிகாரியை மாலை போட்டு அதில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

படம் ஆரம்பித்தது. முதலில் எழுத்து வந்தது, திரும்பி வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மந்திரி வந்தார், இடதுகையால் வெற்றிலை கொடுத்தார். ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கைவிளக்கோடு முத்துநாயகம் வழிகாட்ட, அதிகாரி துணியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தார். ஜெபமணி அந்த ஒரு காட்சியிலேயே படத்தை நிறுத்தினார்.

"இது என்ன ஏற்பாடு? அவர்களைப் பின்னால் போகச் சொல்லும். வழக்கம் எதுவோ அதுபடி நடக்கட்டும். மைக்கில் சொல்லும்" என்றார் அதிகாரி. தணிந்த குரலில்தான் சொன்னார். கோபக்காரர் இல்லை. "சொல்லிவிட்டுப் படத்தை முடியும். உம்முடைய காரியத்தை நான் கவனித்துக்கொள்கிறேன்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் வாக்குக் கொடுக்க முடியாது. நாராயணபெருமாள் மைக்கை எடுத்தார். வண்டி வெளிச்சத்தில் முன்வரிசை முழுக்கத் தெரிந்தது. தாணம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. நின்றுபோன படத்தில் மந்திரியின் வலதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் எழுந்திருப்பார்கள், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு துணிக்குப் பின்னால் போவார்கள், தன் வேலை நிரந்தரமாகும். மண்ணெண்ணெய் வாடை ஒரு கணம் அவர் மூக்கில் வந்தது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லத் தொண்டை ஒப்பவில்லை. அசரீரிக் குரல் கிளம்பியது.

"தாய்மாரே, ஒரு நல்ல வார்த்தை கேளுங்கோ. இந்தா நிக்காரே, இவரு பெரிய அதிகாரி. ஐயா என்ன சொல்லுகாரு தெரியுமா? இத்தன காலம் பெண்ணுங்க புறத்தால இருந்து பாத்தது போதும், கொடை நாள்ல அவங்க நேர இருந்து பாக்கட்டும், நான் புறத்தால போயி இருந்துக்கிடுகேன்னு சொல்லுகாரு. இந்த ராச்சியத்தில இதுவரைக்கும் எந்த அதிகாரியாவது நமக்காவ எந்திரிச்சுப் புறத்தால போயிருக்கானா? அம்மைமாரே, ஐயாவுக்கு ஒரு குரவை இடுங்கோ."

ஆயிரம் பெண்கள் ஒரே நேரத்தில் குரவையிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தென்னையில் அடைந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பகவதியம்மாள் எழுந்து வந்து அதிகாரியின் நெற்றியில் மஞ்சணையை அப்பி, "மகாராசனா இருக்கணும்" என்றாள். அதிகாரி நாராயணபெருமாளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பிறகு கைகூப்பினார். மஞ்சள் நெற்றியோடு துணியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மிச்சப் படம் முழுக்க அங்கே அவருக்கு ஒரே வேலைதான் இருந்தது. முத்துநாயகம் காதருகில் குனிந்து, "சார், தப்பா நெனைக்கப்பிடாது. அது எடதுகைதானே?" என்பார்.

"அல்ல. வலதுகை" என்பார் அதிகாரி.

"எனக்க கண்ணால பாக்கேனே சார்."

"நான் சொல்லுவது கேளும். வலதுகையாக்கும்."

இன்னொருவர் வந்து கேட்பார். அவருக்கும் சொல்லுவார். பின்பக்கம் இருந்த ஆண்களில் ஒருவராவது நம்பியதாகத் தெரியவில்லை. சர்க்கார் ஆள் அப்படித்தானே சொல்லுவார் என்று கலைந்து போனார்கள். முன்பக்கத்தில் நாராயணபெருமாள் அன்று பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. தூண் வந்தது, கத்திரிக்காய் வந்தது, தலைவலி தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்ட வெள்ளைக்காரியும் வந்தாள். தாணம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

வண்டி ஏறும்போது அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "நன்றாகப் பேசுகிறீர். மிகவும் நன்றாகப் பேசுகிறீர்" என்றார். தோளில்கூடத் தட்டினார்.

சித்திரையில் நாகர்கோவில் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள். பெண்கள் பெருந்திரளாக வந்து படத்தைக் கண்டு மகிழ்ந்தது குறித்துத் திருப்தி தெரிவித்திருந்தார்கள். இனிப் பேச்சைத் தமிழிலேயே பதிவு செய்து அனுப்பப்போவதால் பேச்சுக்காரர் தேவையில்லை என்றும், அவர் செய்த சேவைக்கு நன்றி என்றும் கீழே இருந்தது. நாராயணபெருமாள் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே ஈத்தாமொழி வந்து சேர்ந்தார். கடை வாசலில் தாணம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மாமனார் இருமினார்.

காகிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் படித்துப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே எல்லாம் எழுதியிருந்தது. ராஜா குரல் இத்தனை சின்னதாகப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அவர், "என்னால வேற மாதிரிச் சொல்ல முடியல்ல தாணம்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "இத எந்தக் கையால குடுத்தாவ?"

அவர் யோசித்துப் பார்த்தார். "வலதுகையாலதான். மரியாதையாத்தான் குடுத்தாவ."

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம் நிண்ணு பாத்திய?" என்றாள் தாணம்மாள்.